குறுக்கெழுத்து: கூடிப் போட்டவர்களின் கதை

1950-களின் நடுப்பகுதி. நியூயார்க்கில் இரண்டு பேர் சேர்ந்து ஓர் இசை நாடகம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைன், பாடல் வரிகள் இருபதுகளின் நடுவில் இருந்த ஸ்டீபன் சோண்ட்ஹைம். 1957-ல் மேடையேறி உலகப் புகழ் பெற்ற 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'தான் அந்த நாடகம். வாரம் முழுக்க வேலை நடக்கும். வியாழக்கிழமை மதியம் மட்டும் ஓடாது. அன்றுதான் சோண்ட்ஹைம் கைக்கு லண்டனிலிருந்து 'தி லிசனர்' வார இதழ் வந்து சேரும். அதில் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் உண்டு. பியானோவை மூடிவிட்டு இருவரும் அந்தக் கட்டங்களின் முன் உட்கார்ந்துவிடுவார்கள். இதைப் பின்னாளில் சோண்ட்ஹைமே சொல்லியிருக்கிறார்.

இசை மேதை ஒருவரும் சொல் மேதை ஒருவரும் சேர்ந்து போட வேண்டிய அளவுக்கு ஒரு குறுக்கெழுத்தில் என்ன இருக்கிறது? காபி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, யாரும் தொந்தரவு செய்யாத மூலையில், தனியாக உட்கார்ந்து போடுவதுதானே குறுக்கெழுத்து? நாம் அப்படித்தான் நினைக்கிறோம். அதன் நூறாண்டுக் கதையைப் புரட்டிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

முதல் கட்டம்

1913 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழின் 'ஃபன்' என்ற இணைப்பில் வைர வடிவத்தில் ஒரு கட்டம் வெளியானது. அமைத்தவர் ஆர்தர் வின். இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகை வேலை பார்த்தவர். அவர் வைத்த பெயர் 'வேர்ட்-கிராஸ்'. சில வாரங்களில் அச்சுக்கோர்ப்பில் சொற்கள் இடம் மாறி 'கிராஸ்-வேர்ட்' ஆகி, அதுவே நிலைத்துவிட்டது.

1924-ல் சைமன் அண்ட் ஷுஸ்டர் என்ற புதிய பதிப்பகம் தன் முதல் புத்தகமாகக் குறுக்கெழுத்துத் தொகுப்பைப் போட்டது. கூடவே ஒரு பென்சிலையும் இணைத்துக் கொடுத்தது. அமெரிக்கா முழுக்கப் பைத்தியம் பிடித்தது. 'நியூயார்க் டைம்ஸ்' அதே ஆண்டில் இதைப் பாவம் என்று சொல்லும் அளவுக்கான நேர விரயம் என்று கண்டித்தது. அந்தப் பத்திரிகை தானே குறுக்கெழுத்து போட ஆரம்பித்தது 1942-ல், போர்ச் செய்திகளுக்கு நடுவே வாசகர்களுக்கு ஓர் இளைப்பாறல் தேவைப்பட்டபோது.

இங்கிலாந்தும் முதலில் ஏளனம் செய்துவிட்டுப் பிறகு விழுந்தது. 'டெய்லி டெலிகிராப்' 1925-லும், 'தி டைம்ஸ்' 1930 பிப்ரவரி 1-லும் தொடங்கின. ஆனால் கடல் தாண்டியதும் புதிரின் குணம் மாறிவிட்டது. அமெரிக்கப் புதிர் அறிவைக் கேட்டது: 'பிரான்ஸ் நாட்டின் ஒரு நதி', 'மரவகை' என்கிற மாதிரி. ஆங்கிலேயர்கள் குறிப்பையே ஒரு பொடி வைத்த பேச்சாக மாற்றினார்கள். அதுதான் கிரிப்டிக்.

பொடி வைத்த பேச்சு

கிரிப்டிக் என்றதும் பயப்பட வேண்டாம். சிலேடையில் ஊறிய மொழி நம்முடையது. காளமேகப் புலவரை ரசித்தவர்களுக்கு இது புதிதல்ல. அடிப்படை விதி ஒன்றுதான். ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று விடைக்கு நேரான பொருள். இன்னொன்று அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் ஒட்டி நின்று, பார்ப்பதற்கு வேறு ஏதோ ஒரு வாக்கியம் போலத் தெரியும். சில உதாரணங்கள், நம் மொழியிலேயே. அடைப்புக்குறிக்குள் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை.

'அரசனோடு ஆயுதமும் சேர்ந்த வழிபாட்டுத் தலம் (3)'. அரசன் என்றால் கோ. ஆயுதம், வில். சேர்த்தால் கோவில். வழிபாட்டுத் தலம்தான்.

'காலமதில் மறைந்திருக்கும் கோட்டைச் சுவர் (3)'. முதல் சொல்லுக்குள்ளேயே பாருங்கள். கால-மதில். விடை கண் முன்னால்தான் இருக்கிறது, மறைந்துகொண்டு.

'தலை போன பின்பும் கவிதை, மண்ணில் முளைப்பது (2)'. கவிதையின் தலையெழுத்தை எடுத்துவிட்டால் விதை.

'விகாரி நிலை மாறினால் ஒரு நதி (3)'. விகாரி என்பது நம் அறுபது ஆண்டுகளில் ஒன்று. 2019 சித்திரையில் பிறந்தது. அதன் மூன்று எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் காவிரி.

இவ்வளவுதான் அடிப்படை. படிக்கும்போது மனம் கவிதையையும் காலத்தையும் நினைக்கிறது. விடையோ எழுத்துகளில் இருக்கிறது. இந்த ஏமாற்றத்தில்தான் சுவை.

விசாரணை அதிகாரிகள்

புதிர் முழுக்க கிரிப்டிக் குறிப்புகளாகவே போட்ட முன்னோடி எட்வர்ட் பொய்ஸ் மாதர்ஸ். கீழை நாட்டு இலக்கியங்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். பில்ஹணரின் சமஸ்கிருதக் காதல் பாடல்களை 'பிளாக் மேரிகோல்ட்ஸ்' என்ற பெயரில் தழுவி எழுதியவர். 1926 முதல் 'அப்சர்வர்' ஞாயிறு இதழில் புதிர் போட்டார். தனக்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கமாடா. ஸ்பெயினில் மத விசாரணை நடத்திப் பலரைச் சித்திரவதை செய்த அதிகாரியின் பெயர் அது. வாசகர்களுக்கு என்ன காத்திருக்கிறது என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியாது.

டார்க்கமாடாவின் புதிர்களில் பல ஒரே கருவைச் சுற்றி அமைந்தவை. குறிப்புகளையே ஈரடிச் செய்யுளாகப் போடுவார், ஒரு கதைக்குள் புதைத்து வைப்பார். கவனிக்க வேண்டிய விஷயம், அந்த மேதையும் தனியாக வேலை செய்யவில்லை. அவர் சொற்களைத் தேர்ந்து கொடுப்பார். அவற்றைக் கட்டத்துக்குள் கோத்துப் பொருத்தியவர் அவர் மனைவி ரோசமண்ட். பெயர் ஒன்றுதான் அச்சானது. வேலை செய்த கைகள் நான்கு.

1939-ல் டார்க்கமாடா மறைந்த பிறகு 'அப்சர்வரில்' அந்த இடத்துக்கு வந்தவர் டி. எஸ். மக்நட் என்ற பள்ளி ஆசிரியர். அவரும் ஒரு விசாரணை அதிகாரியின் பெயரையே எடுத்துக்கொண்டார்: ஸிமெனீஸ். ஆனால் வழி வேறு. புதிர் போடுபவர் வாசகரை ஏமாற்றலாம், அநியாயம் செய்யக் கூடாது என்பது அவர் கட்சி. குறிப்பில் ஒரு சொல்கூட வீணாக நிற்கக் கூடாது. பொருள் சரியாக இருக்க வேண்டும், எழுத்துக் கணக்கும் சரியாக இருக்க வேண்டும். ஏ. எஃப். ரிச்சி என்ற இன்னொரு ஆசிரியர் 'ஆஃப்ரிட்' என்ற புனைபெயரில் இதையே 1949-ல் ஒரு நூலில் வலியுறுத்தியிருந்தார். ஸிமெனீஸ் தன் விதிகளை 1966-ல் புத்தகமாகவே போட்டார். இன்று உலகில் எங்கே ஆங்கில கிரிப்டிக் வந்தாலும், சென்னையில் அச்சாகும் 'தி இந்து' நாளிதழின் புதிர் வரை, இந்த நியாயக் கணக்கு பின்னால் நிற்கிறது.

ஸிமெனீஸ் இன்னொன்றும் செய்தார். ஒரு சொல்லைக் கொடுத்து, அதற்கு நீங்களே குறிப்பு எழுதி அனுப்புங்கள் என்று வாசகர்களுக்குப் போட்டி வைத்தார். வென்ற குறிப்புகளையும் தன் விமர்சனத்தையும் ஒரு துண்டுத்தாளில் அச்சிட்டு அனுப்புவார். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பெயரால் அறிந்தார்கள். பிறகு விருந்து வைத்து நேரில் கூடினார்கள். 1972-ல் அவர் இடத்துக்கு வந்த அஸெட்டும் இந்த வழக்கத்தை விடவில்லை. அஸெட் என்ற பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து படித்தால், அதுவும் ஒரு விசாரணை அதிகாரிதான்!

இந்தப் போட்டிகளில் விடாமல் கலந்துகொண்டவர்களில் ஒருவர் காலின் டெக்ஸ்டர். இன்ஸ்பெக்டர் மோர்ஸ் துப்பறியும் கதைகளை எழுதியவர். தன் துப்பறிவாளருக்கு அவர் சூட்டியது, போட்டிகளில் தன்னை அடிக்கடி முந்திய சர் ஜெரமி மோர்ஸின் பெயரை. அந்த மோர்ஸ் லாயிட்ஸ் வங்கியின் தலைவராக இருந்தவர். உதவியாளர் லூயிஸின் பெயரும் அதே வட்டத்தில் இன்னொரு போட்டியாளர் பயன்படுத்திய புனைபெயரிலிருந்து வந்ததுதான். சக ஆர்வலர்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை யார் செய்துவிட முடியும்?

மலையின் உச்சி

இனி, அந்த வியாழக்கிழமைப் புதிருக்கு வருவோம். 'தி லிசனர்' பிபிசி 1929-ல் தொடங்கிய வார இதழ். வானொலிப் பேச்சுகளை அச்சில் கொடுப்பதற்காக வந்தது. 1930 ஏப்ரல் 2 இதழில் முதல் குறுக்கெழுத்து வெளியானது. 1991-ல் இதழ் நின்றபோது புதிரை மட்டும் 'தி டைம்ஸ்' தத்தெடுத்துக்கொண்டது. இன்றும் சனிக்கிழமைதோறும் அதே பழைய பெயரில் வருகிறது. ஆங்கிலத்தில் வாராவாரம் வரும் புதிர்களிலேயே இதுதான் மிகக் கடினம் என்பதில் ஆர்வலர்களுக்குள் அதிகம் கருத்து வேறுபாடு இல்லை.

கடினத்துக்குக் காரணம் தீம். சாதாரண கிரிப்டிக்கில் குறிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்தால் வேலை முடிந்தது. லிசனர் வகைப் புதிரில் அது பாதி வழிதான். மேலே ஒரு முன்குறிப்பு இருக்கும். அதுவே பூடகமாக இருக்கும். கறுப்புக் கட்டங்கள் கிடையாது; சொல் எங்கே முடிகிறது என்பதைத் தடித்த கோடுகள் காட்டும். சில விடைகளுக்குக் குறிப்பே கொடுக்க மாட்டார்கள். சில குறிப்புகளில் வேண்டுமென்றே ஓர் எழுத்துப் பிழை இருக்கும். அந்தப் பிழைகளின் திருத்தங்களை வரிசையாகப் படித்தால் ஒரு கட்டளை வரும். சில விடைகளை அப்படியே எழுதக் கூடாது, ஒரு விதிப்படி மாற்றி எழுத வேண்டும். அந்த விதி என்ன என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். எல்லாம் நிரம்பிய பிறகு கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பெயரையோ உருவத்தையோ கண்டு வண்ணம் தீட்ட வேண்டியிருக்கும். ஆண்டுக்கு நான்கு முறை சொற்களே இல்லாத, முழுக்க எண்களால் ஆன புதிரும் வரும்.

ஆங்கிலப் புதிரைத் தமிழில் காட்ட முடியாது. ஆனால் அதே தன்மையில் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு பெரிய கட்டம். குறிப்பு இல்லாத விடைகள் நான்கு. சுற்றியுள்ள சொற்களை விடுவித்து, குறுக்கே வெட்டும் எழுத்துகளை வைத்து, அந்த நான்கையும் பிடிக்கிறோம்: குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல். ஐந்திணைதான் தீம் என்று ஒருவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் ஐந்தாவது எங்கே? முன்குறிப்போ 'இல்லாததைக் கண்டு வண்ணம் தீட்டுக' என்கிறது. எவ்வளவு தேடினாலும் பாலை இல்லை. அப்போது தமிழ் படித்த ஒருவருக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. பாலைக்கென்று தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அதுவே பாலை என்று இளங்கோவடிகள் காட்டுகிறார். உடனே எல்லோருடைய கண்ணும் முல்லை என்ற சொல்லுக்குப் போகிறது. அதன் கடைசி எழுத்து 'லை'. அதற்கு நேர் மேலே உள்ள கட்டத்தில் 'பா'!

இந்த விடைக்கு யார் காரணம்? எழுத்துக் கணக்கில் கெட்டிக்காரரான ஒருவர் குறிப்புகளில் பெரும்பகுதியை உடைத்திருப்பார். முன்குறிப்பை நான்கு முறை படித்து 'இல்லாததை' என்ற சொல்லில் சந்தேகப்பட்டவர் இன்னொருவர். சிலப்பதிகாரத்தை நினைவில் வைத்திருந்தவர் மூன்றாமவர். அவரால் ஒருவேளை ஒரு குறிப்பைக்கூட உடைத்திருக்க முடியாது. ஆனால் அவர் இல்லாமல் புதிர் முடிந்திருக்காது.

கூடிப் போடுவதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. கருவுள்ள புதிர் எந்தத் துறைக்குள் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. சதுரங்கம், இசை, வானியல், பைபிள், கணிதம், கிரிக்கெட், எதுவாகவும் இருக்கலாம். எல்லாவற்றிலும் தேர்ந்த ஒரு தலை அபூர்வம். நான்கு தலைகள் கூடினால் அந்தப் பரப்பு கிடைத்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குறிப்பை நாம் ஒரு விதமாகப் படித்துவிட்டால் மனம் அதிலேயே சிக்கிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவர் அதையே வேறு இடத்தில் நிறுத்தி வாசிப்பார். பூட்டு திறந்துவிடும்.

சோண்ட்ஹைம் இந்தச் சுவையை அமெரிக்கர்களுக்குக் காட்ட விரும்பினார். 1968-ல் 'நியூயார்க்' இதழ் தொடங்கியபோது லிசனர் பாணியில் தீம் புதிர்களைத் தானே அமைத்து அதில் வெளியிட்டார். வியாழன் மதியங்களில் பெற்றதை அவர் திருப்பிக் கொடுத்தது இப்படித்தான்.

பன்னிரண்டு நிமிடங்கள்

கூட்டு முயற்சி என்றதும், தனி வேகத்துக்குப் பேர் போன ஒரு சம்பவத்தை யாராவது குறுக்கே நிறுத்துவார்கள். அதையும் பார்த்துவிடுவோம்.

இரண்டாம் உலகப் போரின் நடுவில், 'டெய்லி டெலிகிராப்' குறுக்கெழுத்து ரொம்ப எளிது, சில நிமிடங்களில் முடித்துவிடலாம் என்று வாசகர் கடிதங்கள் வந்தன. கேவின் என்ற ஒரு கிளப் தலைவர் சவால் விட்டார்: 12 நிமிடத்துக்குள் யாராவது போட்டு முடித்தால் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களுக்கான நிதிக்கு 100 பவுண்ட் தருகிறேன். 1942 ஜனவரியில் பத்திரிகை அலுவலகத்திலேயே, கண்காணிப்பாளர்கள் முன்னால், தேர்வு நடந்தது. ஐந்து பேர் நேரத்துக்குள் முடித்தார்கள். அவர்களில் முதலாவதாக முடித்தவர் ஒரு சொல்லில் எழுத்துப் பிழை விட்டதால் தகுதி இழந்தார். நிதிக்குப் பணம் கிடைத்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

சில வாரங்கள் கழித்து, கலந்துகொண்டவர்களில் சிலருக்கு ராணுவத் தரப்பிலிருந்து ரகசியக் கடிதம் வந்தது. தேச முக்கியத்துவம் வாய்ந்த ஒரு விஷயமாக வந்து பார்க்கச் சொன்னது. அப்படி அழைக்கப்பட்டவர்களில் ஸ்டான்லி செட்ஜ்விக் என்பவரும் ஒருவர். தேர்வில் 12 நிமிட மணி அடித்தபோது அவருக்கு ஒரு சொல் பாக்கி இருந்தது. வேகத்தில் தோற்றவர்தான். ஆனாலும் பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மானியரின் வானிலைச் சங்கேதங்களை உடைக்கும் பிரிவில் வேலை கிடைத்தது.

சேர்ந்த இடம் எப்படிப்பட்டது என்பதைப் பார்த்தால் இந்தக் கதையின் மறுபாதி தெரியும். போரின் இறுதியில் பிளெட்ச்லி பார்க்கில் சுமார் 9,000 பேர் இருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் பெண்கள். கணிதப் பேராசிரியர்கள், ஜெர்மன் மொழி படித்தவர்கள், சதுரங்க வீரர்கள், தட்டச்சு செய்பவர்கள், அட்டை அடுக்குபவர்கள். ஒரு மரக் குடிலில் உடைக்கப்பட்ட செய்தி பக்கத்துக் குடிலுக்குப் போய் மொழிபெயர்ப்பாகும். அவர்களுடைய முக்கியமான உத்திகளில் ஒன்று குறுக்கெழுத்துக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். சங்கேதச் செய்தியில் 'வானிலை அறிக்கை' போன்ற வழக்கமான ஒரு தொடர் இருக்கும் என்று ஊகித்து, அது எங்கே பொருந்துகிறது என்று பார்த்து, அங்கிருந்து மற்றதைப் பிரிப்பார்கள். தெரிந்த எழுத்துகளை வைத்துத் தெரியாத சொல்லைப் பிடிப்பது. தேர்வு வைத்தபோது தனித்தனி மேஜை. வேலைக்கு அழைத்தபோது ஒரே கூரை. சங்கேதங்களை உடைத்தது அந்தக் கூரைதான்.

போர்க் காலத்தின் இன்னொரு சம்பவம் பலரும் கேள்விப்பட்டதுதான். 1944 மே மாதமும் ஜூன் தொடக்கமும், பிரான்ஸில் நேச நாட்டுப் படைகள் இறங்குவதற்கு முந்தைய வாரங்கள். யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெரி, நெப்டியூன் என்று அந்தத் தாக்குதலின் ரகசியப் பெயர்கள் ஒவ்வொன்றாக 'டெலிகிராப்' புதிரில் விடைகளாக வந்தன. புதிர் போட்டவர் லெனார்ட் டா என்ற தலைமை ஆசிரியர். உளவுத் துறை அவரைத் துருவித் துருவி விசாரித்துவிட்டு, தற்செயல் என்று விட்டுவிட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1984-ல், அவருடைய பழைய மாணவர் ஒருவர் தன் பக்கத்தைச் சொன்னார். ஆசிரியர் காலிக் கட்டத்தைக் கொடுத்து மாணவர்களைச் சொற்களால் நிரப்பச் சொல்வாராம். பிறகு அவற்றுக்குக் குறிப்பு எழுதுவாராம். பள்ளிக்கு அருகே முகாமிட்டிருந்த ராணுவ வீரர்களின் பேச்சில் கேட்ட சொற்களைத் தான்தான் நிரப்பியதாக அந்த மாணவர் கூறினார். அது உண்மையானால், ஒரு பெயரின் பின்னால் பல கைகள் இருந்ததற்கு இது இன்னொரு சாட்சி.

ஒரு புதிர் சொன்ன செய்தி

கடைசியாக, இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த மனிதர். ஜான் கிரஹாம், பாதிரியார். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றியவர். 'கார்டியன்' நாளிதழில் 1958 முதல் புதிர் போட்டார். 1970-ல் அந்தப் பத்திரிகை புனைபெயர்களைக் கொண்டுவந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பெயர் அராகேரியா. அது ஒரு மரத்தின் லத்தீன் பெயர். ஆங்கிலத்தில் அந்த மரத்துக்குக் குரங்குப் புதிர் மரம் என்று பெயர். அதே மரத்துக்குச் சிலி பைன் என்றும் ஒரு பெயர் உண்டு. அதன் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் வருவது 'சினிஃபைல்'. 'பைனான்ஷியல் டைம்ஸ்' புதிர்களுக்கு அவர் பயன்படுத்தியது அந்தப் பெயரை!

1970-களின் பிற்பகுதியில் மணமுறிவு காரணமாகப் பாதிரியார் பணியை இழந்தபோது, புதிரே அவருக்குப் பிழைப்பானது. பண்டிகை நாட்களில் பெரிய கட்டங்களோடு வரும் அவர் புதிர்களுக்காகக் குடும்பங்களே காத்திருந்தன. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று ஒரே தாளைச் சுற்றி உட்காரும் புதிர்கள் அவை.

2013 ஜனவரி 11. அன்றைய 'கார்டியன்' புதிருக்கு அராகேரியா ஒரு முன்குறிப்பு சேர்த்திருந்தார். அராகேரியாவுக்கு 19-இன் 18 இருக்கிறது, அதற்கு 13, 15 சிகிச்சை நடக்கிறது என்பது அதன் சாரம். எண்களுக்குப் பதில் சொற்களை வைக்க வேண்டும்; அதற்கு அந்தக் குறிப்புகளை விடுவிக்க வேண்டும். வழக்கம் போல் வாசகர்கள் பேனாவை எடுத்தார்கள். ஒவ்வொன்றாக விடைகள் வந்தன. புற்றுநோய். உணவுக்குழாய். வலி தணிக்கும் சிகிச்சை. கட்டத்தின் மற்ற இடங்களில் செவிலியர், எண்டோஸ்கோபி, ஸ்டென்ட், சூரிய அஸ்தமனம். 55 ஆண்டுகளாகத் தங்களோடு காலை உணவு மேஜையில் உட்கார்ந்திருந்த ஒருவர், தான் விடைபெறப் போவதைத் தனக்குத் தெரிந்த மொழியில் சொல்லியிருக்கிறார் என்று புரிந்தபோது, விடை கண்ட மகிழ்ச்சி இருந்திருக்காது.

யோசித்துப் பாருங்கள். அவர் ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கலாம். எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிந்திருக்கும். புதிராகச் சொன்னதால், தெரிந்துகொள்ள ஒவ்வொருவரும் கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. எழுத்து எழுத்தாக அவரோடு நடந்து அந்த இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு 91 வயது. அதன் பிறகும் புதிர் போட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஆண்டு நவம்பர் 26-ல் காலமானார்.

புதிர் போடுபவரும் விடுவிப்பவரும் எதிரிகள் என்று முதலில் தோன்றும். டார்க்கமாடா என்ற பெயரே அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நல்ல புதிர்க்காரர் தோற்கவே ஆசைப்படுகிறார். விடை கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அதை ஒளித்து வைக்கிறார். முதல் கூட்டாளி அவர்தான்.

உதவி கேட்கலாமா?

சிலருக்கு ஒரு தயக்கம் உண்டு. அடுத்தவரைக் கேட்டால் அது ஏமாற்று வேலை ஆகாதா? இந்த வரலாற்றைப் பார்த்த பிறகு என் பதில்: எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. 'விடை என்ன?' என்று கேட்டு வாங்கி எழுதினால் கட்டம் நிரம்பும், அவ்வளவுதான். 'இந்தக் குறிப்பில் பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது?', 'இந்தச் சொல்லுக்கு வேறு என்ன அர்த்தம் உண்டு?' என்று கேட்டால் விளையாட்டு தொடர்கிறது. நல்ல துணை விடையைச் சொல்லாமல் பார்க்க வேண்டிய திசையைக் காட்டும். பழகியவர்கள் இதை ஒரு மரியாதையாகவே கடைப்பிடிக்கிறார்கள். புதிதாக வந்தவர் கடைசி எழுத்தை நிரப்பும்போது கிடைக்கும் சந்தோஷத்தைத் தட்டிப் பறிக்க மாட்டார்கள்.

அடுக்குமாடியில் இதற்கு வசதி அதிகம். ஒரே லிஃப்ட்டில் ஏறி இறங்குபவர்களில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் இருப்பார், கணக்காளர் இருப்பார், கர்நாடக இசை படிப்பவர் இருப்பார், கிரிக்கெட் புள்ளிவிவரத்தை விரல் நுனியில் வைத்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருப்பார். ஒரு லிசனர் புதிருக்கு வேண்டிய ஆள் பலம் ஒரே பிளாக்கில் இருக்கிறது. ஞாயிறு காலை பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவந்தால் போதும்.

ஆரம்பிப்பதற்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போகிறேன்.

''போகட்டும்' என்றதும் சிரசு சேரக் கிடைப்பது சுதந்திரம் (4)'.

விடை அடுத்த காலாண்டு இதழில். அதற்குள் தெரியாவிட்டால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். ஆனால் விடையைக் கேட்காதீர்கள்; பொருள் எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள்.